மேட்டில் மட்டும் பழுதாகும் ஆம்புலன்ஸ்

அனுப்புநர்:
கிசாங் யானோ,
நலக்குழு உறுப்பினர், கப்சியோன் கிளினிக்,
கெரியோ பள்ளத்தாக்கு.

பெறுநர்:
மாவட்டச் சுகாதார வாகன அலுவலர் அவர்கள்.

பொருள்: கழற்றப்பட்ட நல்ல சென்சாரைத் திரும்பப் பொருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் கிளினிக் பள்ளத்தாக்கில் இருக்கிறது, ஆஸ்பத்திரி மலைமேல். எங்கள் ஒரே ஆம்புலன்ஸ் பாதி மேட்டில் எச்சரிக்கை விளக்கைக் காட்டி, தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதன்பின் ஆடுகள் எங்களை முந்திச் செல்லும்.

2. முறைப்படி தங்கள் பணிமனைக்கு அனுப்பினோம். சூடான வண்டியைத் தொடக்கூடாது என்பது அங்கே விதி. மதிய உணவு முடியும்வரை வண்டி மர நிழலில் ஆறியது. விளக்கும் அணைந்தது. ‘பழுதில்லை’ என்று முத்திரை இட்டார்கள். மேற்பார்வையாளர் திரு. செசெரெக் என்னிடம், “வண்டி நல்லாத்தான் இருக்கு பெரியவரே, உங்க மேடுதான் சரியில்ல” என்றார்.

3. எங்கள் ஓட்டுநர் கிமோசோப், சந்தையருகே பட்டறை வைத்திருக்கும் ஞுகுனாவிடம் வண்டியைக் காட்டினார். “காய்ச்சல்காரன குளிப்பாட்டிட்டா காய்ச்சல் பாக்குறாங்க?” என்று சிரித்த அவர், புகைக்குழாயில் இருந்த ஒரேமாதிரியான இரண்டு வெப்ப சென்சார்களை இடம் மாற்றி மாட்டி, வண்டியை மேடேற்றினார். அவர் கருவியில் தெரிந்த பழுதும் சென்சாரோடு கூடவே இடம் மாறியது. ஆகவே குற்றம் வயரில் இல்லை, ஒரு சென்சாரில்தான். சற்றுச் சூடேறினாலே குழாய் உருகப்போவதாக அது பொய் சொல்கிறது. என்ஜின் நம்பி அடங்கிவிடுகிறது.

4. நொறுங்கிய லாரியொன்றிலிருந்து எடுத்த நல்ல சென்சாரை அவர் பொருத்தினார். அந்த வாரமே பிரசவ வலியெடுத்த ஒரு பெண்ணோடு வண்டி நிற்காமல் மலையேறியது. தாயும் சேயும் நலம்.

5. அடுத்த பரிசோதனையில் இந்த முறைகேடு பிடிபட்டது. அனுமதியற்ற நல்ல சென்சாரைக் கழற்றி, அரசுச் சொத்தான பழைய சென்சாரையே மீண்டும் மாட்டினார்கள். நல்லது தங்கள் பணிமனை அலமாரியில் அடையாளச் சீட்டு கட்டிய நிலையில் பத்திரமாக இருப்பதாக அறிகிறோம்.

6. என் மகள் ஜெலாகத்தின் வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். முதலாவது குறுக்கே கிடப்பதால் அறுவை செய்தே தீரவேண்டும் என்கிறார் செவிலியர். முன்கூட்டியே மேலே அழைத்துச் சென்றோம். வலி தொடங்காதவருக்குப் படுக்கை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆறிய நிலையில் அவளிடமும் பழுதில்லை.

7. வலி எந்நேரமும் வரலாம். அலமாரியில் உள்ள சென்சாரை மாட்ட இன்றே உத்தரவிட வேண்டுகிறேன். விதி இடம் தராவிட்டால், திரு. செசெரெக்கைக் கிளினிக்குக்கு அனுப்பிவைக்கவும். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை அவருக்காகக் காலியாக இருக்கும். விளக்கு எரிவதை அவர் முன்னால் பார்க்கலாம். பின்னால் என் மகள் இருப்பாள். வண்டி ஆறும்வரை காத்திருக்கலாமா என்பதை அவளிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) கிசாங் யானோ

இடம்: கப்சியோன்
நாள்: மார்ச் 14