பெட்டிக்கு மேலே வைத்த உங்கள் படம்

இன்று காலை சாமி படத்துக்குப் பத்தி ஏற்றினேன், மாமா. புகை நேராக மேலே போகவில்லை. கொஞ்ச தூரம் எழும்பி, அப்புறம் வளைந்து, உங்கள் கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்க வலைக்குள் மெல்ல நுழைந்தது. நான் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, உங்களிடம் வேலை பழகிய மஞ்சு வந்து மெஷினைப் போட்டிருக்கிறான். காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. புகையைப் பார்த்துத்தான் மெஷின் ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்தது.

நீங்கள் இருந்திருந்தால், "சரியாத்தான் போவுது அம்மிணி" என்றிருப்பீர்கள். அதைக் கேட்க ஆளில்லாமல் பத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சாம்பல் என் விரலிலேயே விழுந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு ஆறாவது வரைதான் படிப்பு. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதும் கடை லிஸ்டைப் பார்த்தே நீங்கள் சிரிப்பவர்.

அந்தப் பெட்டி வருவதற்கு முன்னால் பழையது ஒன்று இருந்ததே, நினைவிருக்கிறதா? சித்திரை வெயிலில் நம் வீட்டுக் கூரை ஷீட் கொதிக்கும். கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டி முடித்துக் கடைசியாக அதை ஓட விடுவீர்கள். பெட்டி மிக்ஸி மாதிரி கத்தும். பாதியில் பொட்டென்று நின்றுவிடும். நீங்கள் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் தரையில் உட்கார்ந்து பத்தி உருட்டிக்கொண்டிருப்பேன். பத்திக்குப் பிசையும் கரித்தூள் கூடமெல்லாம் பறக்கும் என்று மின்விசிறியும் போட முடியாது. மெஷினுக்கும் வேர்வை, நமக்கும் வேர்வை.

ஒருநாள் வந்து சொன்னீர்கள்: "இதுக்குள்ள தண்ணி உடப்போறேன் அம்மிணி."

"கரண்டு ஓடற பொட்டிலயா?"

"கரண்டுல இல்ல. சூட்டுல."

எனக்குப் புரியும்படி நீங்கள் சொன்னது இன்னும் அப்படியே இருக்கிறது. உள்ளே ரொம்பச் சூடாகிற இடம் இரண்டு. தண்ணீர் குழாயில் ஓடி வந்து அந்த இரண்டு இடத்திலும் சூட்டை வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும். அங்கே காற்றுப் பட்டு ஆறும். ஆறிய தண்ணீர் மறுபடி உள்ளே வரும். "அவ்ளோதான்" என்றீர்கள்.

"ரேடியேட்டரா? அது லாரிக்கு வெக்கறதில்லீங்களா?"

"இதும் லாரிதான். ஊர்க் கல்யாணத்தயெல்லாம் சொமக்குதில்ல."

ரேடியேட்டர் வருவதற்கு முன்பே நீங்கள் என் பத்திப் பெட்டி அட்டைகளை எடுத்து அதே அளவுக்கு வெட்டினீர்கள். முன்னால் ஒன்று, மேலே ஒன்று என்று உள்ளே செருகிப் பார்த்தீர்கள். முன்பக்க அட்டை போய், உள்ளே நீட்டிக்கொண்டிருந்த நீளமான கார்டில் இடித்தது. எடுத்து, கொஞ்சம் மெல்லிசாக வெட்டி, மறுபடி வைத்தீர்கள். அதற்குள் நான் ஒரு படி தூளைப் பிசைந்து முடித்திருந்தேன். "வீட்டுல மனுசங்களுக்கு இருக்கறது ஒரு ஃபேனு. இந்தப் பொட்டிக்குள்ள மட்டும் வரிசையா எத்தன?" என்று கேட்டதற்கு, "உனக்கு வேர்த்தா நீ எந்திரிச்சு வெளிய போவே. அது எங்க போவும்?" என்றீர்கள்.

எந்த ஃபேன் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், எது வெளியே தள்ள வேண்டும் என்பதில்தான் நீங்கள் சோறு தண்ணியை மறந்தீர்கள். கீழே இருந்து இழுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தீர்கள். தரையெல்லாம் என் கரித்தூள். அது உள்ளே போனால் ரேடியேட்டரின் சந்தெல்லாம் அடைத்துக்கொள்ளும். பத்தி வேலையை நிறுத்தச் சொல்வீர்கள் என்று பயந்தேன். நீங்கள் மேஜையின் காலுக்கு மரக்கட்டை வைத்து உயர்த்தினீர்கள். பெட்டியின் முகத்தை ஜன்னல் பக்கம், மலைக்காற்று வரும் பக்கம் திருப்பினீர்கள். முன்னால் குளிர்ந்த காற்று உள்ளே வரட்டும், சூடு மேல்பக்கமாகப் போகட்டும் என்றீர்கள். "காத்துக்கு வழி பண்ணிட்டுத்தான் தண்ணிக்கு வழி" என்பதையே நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு, "ஒரு பத்தி குடு" என்றீர்கள்.

"பூசையா?"

"பரிச்சை."

நான் உருட்டிய பத்தியில் ஒன்றைக் கொளுத்தி என் கையிலேயே கொடுத்தீர்கள். முன்னால் காட்டினேன், புகை உள்ளே போனது. மேலே காட்டினேன், விர்ரென்று உயரத்துக்குப் போனது. பின்பக்கச் சந்தில் காட்டினேன். அங்கேயும் உள்ளே போனது. உங்கள் முகம் மாறிவிட்டது. வெளியே தள்ளுவது அதிகமாகி, உள்ளே காற்றுப் போதாமல், கிடைத்த ஓட்டையில் எல்லாம் உறிஞ்சுகிறது என்றீர்கள். அந்த வழியில் தடுக்க வலை கிடையாது, தூசி நேராகப் போய்விடும். பின்பக்க ஃபேனைக் கழற்றித் திருப்பி மாட்டி, வலை ஒன்றும் வைத்தீர்கள். மறுபடி காட்டச் சொன்னீர்கள். இந்தத் தடவை சந்திலிருந்து வந்த காற்று புகையை என் மூக்குக்கே தள்ளியது. எனக்கு இருமல். உங்களுக்குச் சிரிப்பு.

தண்ணீர் விட்ட அன்று மகன் வேலையைப் பார்க்க அத்தை ஹனூரிலிருந்து வந்திருந்தார். மூட்டுக்கு மூட்டு டிஷ்யூ பேப்பர் வைத்து, எங்காவது கசிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தீர்கள். குழாயில் காற்றுக் குமிழி நின்றுவிட்டது. அது போவதற்காகப் பெட்டியைத் தூக்கி மடியில் சாய்த்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினீர்கள். குளுக் குளுக்கென்று சத்தம் வந்தது. அத்தை வெற்றிலையை மென்றபடி, "ஏன்டா, உம் புள்ளைக்கு ஏப்பம் வந்துதா?" என்றார். நமக்குப் பிள்ளை இல்லாததை வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் எனக்கு வலித்திருக்கும். அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தோம்.

எல்லாம் ஓட ஆரம்பித்ததும் என் கையைப் பிடித்துப் பெட்டிக்கு மேலே வைத்தீர்கள். "பாரு." வெதுவெதுப்பாகக் காற்று உள்ளங்கையில் பட்டது. தூங்குகிற குழந்தையின் மூக்குக்குக் கிட்டே கை வைத்த மாதிரி இருந்தது. அதைச் சொல்லவில்லை. "சூடா வருதுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அதே கையைத்தான் கொள்ளேகாலில் உங்கள் மூக்குக்குக் கிட்டே வைத்தேன். கல்யாண மண்டபத்தில் கேமராவோடு நின்றிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்று மஞ்சு போன் பண்ணினான். நான் பஸ் பிடித்து வருவதற்குள் ஆஸ்பத்திரியில் துணி மூடியிருந்தார்கள். எல்லோரும் சொன்ன பிறகும் துணியை விலக்கிக் கை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை, மாமா.

காரியம் முடிந்து உங்கள் படத்தை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. அத்தைதான் சொன்னார், "எம் பையன் பொழச்சது அதுலதான். அதும் மேலயே இருக்கட்டும்" என்று. எனக்கும் அது சரியாகவே பட்டது. உங்கள் புது வேட்டியை நாலாக மடித்துப் பெட்டிக்கு மேலே விரித்தோம். அதன் மேல் படம். படத்துக்கு மல்லிகை மாலை. முன்னால் ஸ்டூலில் விளக்கு. நீங்கள் உங்கள் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அத்தை அதற்கெதிரில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார்.

அந்தக் கொள்ளேகால் கல்யாணம்தான் பாக்கி நின்றது. பெண்ணின் அம்மா போன் பண்ணி, "அவசரம் இல்லம்மா, உங்க துக்கம் தீரட்டும்" என்றார். கேட்காமல் கேட்கிறார்கள் என்று தெரிந்தது. அதை முடித்துக் கொடுத்தால்தான் அடுத்த கல்யாணத்துக்கு மஞ்சுவைக் கூப்பிடுவார்கள். வேலை வந்தால்தான் அவனுக்கும் சரி, எனக்கும் அத்தைக்கும் சரி, அடுப்பு எரியும். மஞ்சு வந்து உங்கள் நாற்காலியில் உட்காராமல் வேறு நாற்காலி போட்டுக்கொண்டான். மெஷினைப் போட்டான். கொஞ்ச நேரம் ஓடியது. அப்புறம் ஃபேன்கள் எல்லாம் கத்த ஆரம்பித்தன. பொட்டென்று நின்றுவிட்டது. ஆற விட்டு மறுபடி போட்டான். மறுபடி நின்றது.

அவன் பெட்டியின் மேலே பார்த்தான். என்னைப் பார்த்தான். அத்தையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னன்னு சொல்லு மஞ்சு."

"ஸ்வல்ப கஷ்டம் அத்திகே." அண்ணி என்பதைக் கன்னடத்தில் சொல்லித்தானே அவனுக்குப் பழக்கம். "சூடு மேலதான போகணும். அண்ணா அங்க இருக்காரு. நான் எப்படி..."

அத்தை எழுந்து உட்கார்ந்தார். "என்ன, எம் பையன எறக்கறதா? அதெல்லாம் ஆவாது. செத்து ஈரம் காயல, வேற எடம் பாக்கறீங்களா? மிஷின் ஓடாட்டி போவுது, வித்துப்போடுங்க."

"வித்துட்டா அவரு செஞ்சதும் போயிடுமே, அத்தே."

"அவனே போயிட்டான். இனி எது இருந்தா என்ன?"

மஞ்சு எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். எனக்கும் கை வரவில்லை. படத்தை எடுத்தால் உங்களை எழுப்பி வெளியே அனுப்புகிற மாதிரி. எடுக்காவிட்டால் நீங்கள் அட்டை வெட்டி அட்டை வெட்டிச் செய்தது உங்களாலேயே மூச்சு முட்டி நிற்கிறது. அப்புறம் ஒரு பத்தியை ஏற்றினேன். மஞ்சுவைக் கூப்பிட்டு மெஷினைப் போடச் சொன்னேன்.

அத்தையைக் கிட்டே கூப்பிட்டு முன்னால் காட்டினேன். புகை உள்ளே போனது. "பாருங்க, இப்படித்தான் வெச்சாரு. முன்னால வாங்கி மேல உடறது." மேலே வேட்டி அசையவே இல்லை. போன புகை சந்துகளில் கசிந்து எங்கள் முகத்துக்கே வந்தது. அத்தையின் கையைப் பிடித்துப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்தேன். சுட்டதும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். எடுத்த கையைப் பார்த்தார்.

நான் எடுக்கவில்லை, மாமா. அத்தைதான் எடுத்தார். மாலை நசுங்காமல் இரண்டு கையாலும் படத்தைத் தூக்கி, "எறங்கு கண்ணு. அதுக்கு மூச்சு முட்டுதாமா" என்றார். பிறகு பாயில் உட்கார்ந்து உங்களை மடியில் வைத்துக்கொண்டார். நான் வேட்டியை எடுத்தேன். அத்தனை நேரம் அடைத்து நின்ற சூடு என் முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் ஃபேன் சத்தம் அடங்கியது. மஞ்சு வேலை பார்க்க ஆரம்பித்தான். சாயங்காலம் வரை அத்தை உங்களை மடியிலிருந்து இறக்கவில்லை. காப்பியைக்கூட நான்தான் வாயருகே பிடித்தேன்.

கல்யாணத்தை முடித்துக் கொடுத்துவிட்டோம். பெண் வீட்டார் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்றார்கள். கடைசியில் கேமரா சாய்கிற இடத்தை மட்டும் மஞ்சு எனக்குக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது நீங்கள் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறீர்கள். ஆணி அடிக்கும்போது அத்தை கேட்டார், "இங்க காத்து வருமா?" என்று. வரும் என்று மஞ்சு சொன்ன பிறகுதான் அடிக்க விட்டார். பத்தி உருட்டும் இடத்தை நான் பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டேன். முன்பக்க வலையை வாரம் ஒருமுறை கழற்றித் தட்டுகிறேன். பெட்டிக்கு மேலே ஒரு பூகூட வைக்க விடுவதில்லை. பக்கத்து வீட்டம்மா போன வாரம் வந்து சாவிக்கொத்தை அங்கே வைத்தாள். அத்தையே அதட்டினார்: "அங்க வெக்காத. அது மூச்சு உடற எடம்."

வேலை முடித்து மஞ்சு கிளம்புவதற்கு முன்னால் நான் ஒருதரம் போய்ப் பெட்டிக்கு மேலே கையை வைத்துப் பார்க்கிறேன். தினமும் பார்க்க வேண்டியதில்லை என்று எனக்கும் தெரியும். நான் கையை எடுக்கும் வரை மஞ்சு மெஷினை அணைக்காமல் காத்திருக்கிறான். வெதுவெதுப்பாக வருகிறது, மாமா. சரியாகத்தான் போகிறது.