மெஹபூப் பாஷாவின் சட்டைப்பை

மயிலாப்பூர்
9-7-1995

அன்பு மகள் ஐரினுக்கு அப்பா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே, அம்மாவுக்கு ஒன்றுமில்லை, முட்டிவலி தவிர இரண்டு பேரும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம், மஸ்கட்டில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை நம் தெருவில் கரண்ட் இல்லை. என்னிடம் பத்து வருஷம் லைன்மேனாக இருந்த மெஹபூப் பாஷாதான் கம்பத்தில் ஏறி வேலை பார்த்தார். ஏறுமுன் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம், மேலே ஆள் இருக்கும்போது வேறு எவனும் போட்டுவிடக்கூடாதே. மனுஷன் வேலை முடிந்ததும் திரும்பப் போட மறந்து, பையோடு அடையாறு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். தெருவே கத்துகிறது. பக்கத்து வீட்டு நோயல், வேற கட்டை கீதே, சொருவினா இன்னா சார் என்கிறான். பிடுங்கினவர்தான் போட வேண்டும், முப்பத்தொரு வருஷ சர்வீஸில் நான் அதை மீறினதில்லை என்று சத்தம் போட்டேன். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மா, எல்லார் எதிரிலும், அப்ப நீங்க புடுங்கினத யாரு போடறது என்று கேட்டுவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

சின்ன வயதில் நீயும் தம்பியும் பேச்சுக்கு ஷாக்காயிட்டேன் என்றால்கூட உங்களைத் திட்டுவேன், நிஜமாக ஷாக் வாங்கினவன் அப்படிச் சொல்லமாட்டான் என்பேன். தம்பியை டியூப்லைட் என்று கூப்பிட்டதற்கு உன்னை முட்டி போட வைத்தேன். அப்படிப்பட்டவன்தான், நீ குலாம் முகம்மதுவைக் கட்டிக்கொண்டு வந்து நின்ற அன்று, இந்த வீட்டோடு உன் கனெக்‌ஷன் கட் என்றேன். நாலு வருஷமாகிறது. அம்மா உனக்கு எழுதும்போதெல்லாம் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் ஒரு வீட்டுக்குக் கரண்ட்டை நிறுத்தப் போனால் கம்பியை அறுக்கமாட்டோம், கட்டையை மட்டும்தான் பிடுங்குவோம், அது தெரிந்தும் சொன்னேன். நான் சொன்னது தப்பு ஐரின்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம், இதை எழுதச் சொன்னது அம்மா இல்லை. ஈரக்கையோடு சுவிட்சைத் தொடும் பழக்கத்தை இனியாவது விடு. கட்டையைப் போட்ட லைன்மேன் உடனே கிளம்பமாட்டார், வீட்டுக்குள்ளிருந்து கரண்ட் வந்துடுச்சு என்று யாராவது குரல் கொடுக்கும்வரை கம்பத்தடியில் நிற்பார். நானும் நிற்கிறேன், ஒரு வரி போடு.

இப்படிக்கு உன் அப்பா
ஆரோக்கியநாதன்