உன் அப்பாவின் சால்வை போன இடம்

தமஸ்குவில் குடியிருக்கும் என் கண்ணான மகள் நோவாளுக்கு, ரோகிலிமிலிருந்து அம்மா மில்காள் எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, கழுதை மூவரும் உயிரோடும் ஓரளவு புத்தியோடும் இருக்கிறோம். அங்கே நீயும் மருமகனும் என் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்கும்படி கர்த்தர் உங்கள் கூரைமேல் ஒரு கண் வைத்திருப்பாராக. பிள்ளைக்குப் பல் முளைக்கிறது என்று கம்பளி வியாபாரி சொன்னார். ஈறில் ஒலிவ எண்ணெய் தொட்டுத் தடவு, உன் மாமியார் சொல்கிறாள் என்று வெண்கலக் காப்பைக் கடிக்கக் கொடுக்காதே, ஏழு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. இந்தக் கடிதத்தை எழுதித் தருகிறேன் என்று அப்பாவின் சீடன் அசரியேல் கெஞ்சினான், நான் விடவில்லை. அவன் எழுதினால் என் வாக்கியத்தையெல்லாம் திருத்தி, நடுவில் இரண்டு இடத்தில் மோவாபியரைச் சபித்து வைப்பான். அதனால் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்.

உன் அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அங்கே யாராவது வந்து சொல்லியிருந்தால் நம்பாதே, பாதிதான் உண்மை. கோதுமை அறுப்பு முடிந்த கையோடு கழுதையிலிருந்து விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். மூன்று வாரம் படுக்கை. ஒருநாள் காலையில் பயற்றங்கூழ் குடித்துக்கொண்டிருந்தவர், “மில்கா, என் காலம் முடிஞ்சுது. சால்வையை ஒருத்தர் தோள்ல போட்டுட்டு ஒதுங்கச் சொல்லிட்டாரு கர்த்தர்” என்றார். நாற்பது வருஷமாக அந்த ஆட்டுமயிர்ச் சால்வையைப் போட்டுக்கொண்டுதான் ஊருக்கு மழை, வெட்டுக்கிளி, காணாமல் போன மாடு எல்லாவற்றுக்கும் கர்த்தரின் வாக்கைக் கேட்டுச் சொல்லி வந்திருக்கிறார். “யார் தோள்ல போடச் சொன்னாரு?” என்று கேட்டேன். “சொல்லுவாரு” என்று கூழைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் பொய் சொல்லும்போது மட்டும்தான் கூழைப் பார்ப்பார். பெயர் ஏற்கெனவே வந்துவிட்டது, மறைக்கிறார் என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் எவ்வளவு நோண்டியும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் சாப்பிடுகிற சீடர்கள் இப்போது இரண்டு பேர். ஒருவன் நான் சொன்ன அசரியேல், உன் அப்பா நாற்பது வருஷமாகச் சொன்ன அத்தனை வாக்கையும் மனப்பாடமாக வைத்திருப்பவன். அப்பாவே மாற்றிச் சொன்னால் அப்பாவைத் திருத்துவான். இன்னொருவன் மத்தனியா. நல்ல உயரம், நல்ல தாடி, பாறையும் திரும்பிப் பார்க்கிற குரல். உப்பு கேட்பதென்றாலும் “கர்த்தர் சொல்லுகிறது என்னவென்றால், உப்பைத் தள்ளு” என்பான். அப்பாவுக்கு அவன்மேல்தான் ஆசை. அடுத்த ஓய்வுநாள் கழிந்ததும் ஊரையே வாசலில் கூட்டி, மத்தனியாவை மண்டியிட வைத்து, சால்வையைக் கழற்றி வீசினார். எங்கிருந்தோ ஒரு காற்று வந்து அதைத் தூக்கிக்கொண்டுபோய் முள்வேலியில் போட்டது. நாங்கள் ஓடுவதற்குள் ஓர் ஆடு ஓரத்தை மென்றுவிட்டது. காற்றுக்கு என்ன தெரியும் என்று சொல்லி, மறுநாள் சால்வையை அவன் தோளில் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டார். அவன் கையை உயர்த்தி, “கர்த்தர் சொல்லுகிறது” என்று ஆரம்பித்தான், தும்மினான். மறுபடி ஆரம்பித்தான், மறுபடி தும்மினான். பத்தொன்பது தும்மல். ஏழு என்றாலும் பன்னிரண்டு என்றாலும் ஏதாவது அர்த்தம் சொல்லலாம், பத்தொன்பதுக்கு ஒன்றும் இல்லையே என்று அசரியேல் விரலை மடக்கி வருத்தப்பட்டான். சாயங்காலத்துக்குள் மத்தனியாவின் கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக வீங்கி, நான்தான் தயிர் பூசிப் படுக்க வைத்தேன்.

அப்புறம் அசரியேலிடம் கொடுத்துப் பார்த்தார். அவனுக்குத் தும்மல் வரவில்லை, வார்த்தையும் வந்தது, மழைபோல வந்தது. ஆனால் எல்லாம் உன் அப்பாவின் பழைய வாக்கு. செத்து எலும்பாகிப்போன ராஜாவை மனந்திரும்பச் சொன்னான். அம்மோனியர் வாற்கோதுமை அறுப்புக்குள் வந்து விழுவார்கள் என்றான், அது நீ பிறந்த வருஷம் சொன்னது. அவர்கள் வந்து, அடித்து, திரும்பியும் போய்விட்டார்கள். காது கேளாத ஷிம்ரி தாத்தாவுக்குக் கடைசி வரி மட்டும் காதில் விழுந்து, காய்ந்த தண்ணீர்த்தொட்டிக்குள் இறங்கி ஒளிந்துகொண்டார். அவரை வெளியே எடுக்க நாலு ஆளும் ஓர் ஏணியும் தேவைப்பட்டது.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் முன்மாரி வரவேண்டிய மாதம் தாண்டிப் பதினெட்டு நாள் ஆகியும் வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. ஊர்த்தலைவர் கெமுவேல் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். போன வருஷ விளைச்சல் உனக்குத் தெரியும், ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒரு விதைப்புக்குத்தான் தானியம் இருந்தது. விதைத்து மழை வராவிட்டால் குருவி தின்னும், விதைக்காமல் மழை வந்தால் பட்டினி. “எல்நாத்தான் ஐயா, விதைக்கட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க” என்றார். அப்பா “கேட்டுச் சொல்றேன்” என்று நொண்டிக்கொண்டே மலைக்குப் போனார். மூன்று நாள் போனார், மூன்று நாளும் வெறும் வாயோடு வந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட அழைக்கப் போனால், திராட்சை மிதிக்கும் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார். நம் மூத்தவனைப் புதைத்த நாளுக்கப்புறம் அவர் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே சொன்னார். “பத்து மாசத்துக்கு முன்னாடியே பேரச் சொல்லிட்டாரு மில்கா. நான் கேக்காத மாதிரி இருந்துட்டேன். அன்னிலேருந்து வேற ஒரு வார்த்த கிடையாது. மழையப் பத்திக் கேட்டா அந்தப் பேரு. விதையப் பத்திக் கேட்டா அந்தப் பேரு. கழுதையிலிருந்து விழுந்தப்போகூட அந்தப் பேருதான் காதுல விழுந்துச்சு.” யார் என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, “உன் தங்கச்சி” என்றார். நோவா, அந்தத் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விலா பிடித்துக்கொண்டது.

உன் தீர்சாள் சித்தி. நாற்பது ஆட்டோடு மேட்டுத் தெருவில் தனியாகக் கிடக்கிற என் தங்கை. உனக்கு ஞாபகம் இருக்கும், உன் கல்யாணத்தில் அப்பா மணமக்களை ஆசீர்வதிக்க எழுந்து ஆபிரகாமிலிருந்து ஆரம்பித்து, தாவீதைத் தாண்டியும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தபோது, அடுப்படியிலிருந்து அவள் கத்தினாளே, “அத்தான், கர்த்தர் சொல்லி முடிச்சுட்டாரு, நீங்கதான் இன்னும் முடிக்கல” என்று. தமஸ்குவிலிருந்து வந்த உன் மாமனார் வீட்டார்கூடச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளோடு அவருக்குப் பேச்சில்லை. ஏழு வருஷம். சிரித்து முடித்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. ஒரு கல்யாண வீட்டுக் கேலிக்காக ஊர்ப்பிள்ளைகள் வயிற்றைக் காயப்போடப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், அதையெல்லாம் எழுத இடம் போதாது. சால்வையைத் தூக்கி அவர் கையில் திணித்து, முன்னால் நடந்தேன். அடித்த நாய் மாதிரி பின்னால் வந்தார்.

சித்தி பால் கறந்துகொண்டிருந்தாள். திரும்பாமலே, “அத்தான் செருப்புச் சத்தம்போல இருக்கே. யாரு செத்தா அக்கா?” என்றாள். யாரும் சாகவில்லை என்றேன். அப்பா தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். அப்புறம், பெரிய பெரிய ராஜாக்களைத் திட்டின அந்த வாயால், “தீர்சா, இது உனக்காம்” என்று மட்டும் சொன்னார். அவள் கை நின்றது. “எனக்கு வேண்டாம். ஆட்ட யாரு பாப்பா?” என்றாள். ஆனால் வழக்கமான குரல் இல்லை. கொஞ்ச நேரம் ஆட்டின் வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அக்கா, பத்து மாசமா ஒரு குரல், எல்நாத்தான் வருவான், எல்நாத்தான் வருவான்னு சொல்லிட்டே இருக்கு. வயசாச்சு, காதுல ஏதோ கோளாறுன்னு மருக்கொழுந்துச் சாறு ஊத்திக்கிட்டேன். அப்பவும் நிக்கல. இந்த மனுசன் நம்ம வாசப்படி மிதிக்கவே மாட்டாரு, அதனால இது பொய்க்குரல்னு விட்டுட்டேன்.” அப்பா முழங்கால் வலியோடு மெல்ல அந்தச் சாணித் தரையில் மண்டியிட்டார். “அன்னிக்கு நான் நீளமாத்தான் பேசினேன் தாயி, மன்னிச்சிரு” என்றார். “நீளமாப் பேசினதுக்கு இல்ல அத்தான், கறி தீஞ்சுபோச்சு, அந்த எரிச்சல்” என்றாள் அவள். இருவரும் அழுதார்கள். நான் மட்டும் அழாமல் ஆட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன், இல்லாவிட்டால் அது பாலை உதைத்திருக்கும்.

சால்வையைத் தோளில் போட்டதும் அவள் முதலில் கேட்டது, “அக்கா, இத நீ தொவைச்சதே இல்லையா?” என்றுதான். தொட விட்டால்தானே என்றேன். அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தவள் அப்படியே கவிழ்த்த பானைமேல் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துப்போயிற்று. கத்தவில்லை, கையை உயர்த்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலச் சொன்னாள். “தாழ்நிலத்துல விதைக்கணும். நாளைக்கே. மேட்டு நிலத்துல ஒரு மணிகூடப் போடாதீங்க. கெமுவேல்கிட்ட சொல்லுங்க.” உன் அப்பா என் கையைப் பிடித்தார். நாற்பது வருஷமாக அவர் முகத்தில் நான் பார்த்த அதே வெளுப்பு அது. அவருக்கும் தெரிந்தது, வாக்கு தன்னிடமிருந்து போய்விட்டது என்று.

கெமுவேல் நம்புவாரா? “பால்காரி சொல்லி விதைச்சேன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லவா? சால்வை தும்மல் வர வைக்குது, இவளுக்குத் தலைசுத்தல் வர வெச்சிருக்கும்” என்றார். அப்போது உன் அப்பா ஊர்வாசலில் போய் நின்றார். சால்வை இல்லாமல், உள்சட்டையோடு, இறகு பிடுங்கின கோழி மாதிரி. “பேரு பத்து மாசமாத் தெரியும். என் ரோசத்துல மறைச்சேன். மழை நின்னது அதனாலயான்னு எனக்குத் தெரியாது, ஆனா வாக்கு நின்னது அதனாலதான். நம்ப வேண்டாம், நான் விதைக்கறதப் பாருங்க” என்றார். மறுநாள் எங்கள் வீட்டு மொத்த விதையையும் எடுத்துக்கொண்டு, மத்தனியா கலப்பை பிடிக்க, நொண்டிக்கொண்டே தாழ்நிலத்தில் தூவினார். ஒரு பிடி மிச்சம் வைக்கச் சொன்னேன், கேட்கவில்லை. அவர் வரப்பில் விழுந்து எழுந்து தூவுவதைப் பார்த்து முதலில் ஷிம்ரி தாத்தா தன் கூடையோடு இறங்கினார். பொழுது சாய்வதற்குள் ஊரே இறங்கிவிட்டது. கெமுவேல் மட்டும் பாதியைத் தாழ்நிலத்திலும் பாதியை மேட்டிலும் போட்டார். நாலாம் நாள் காலையில் மழை பிடித்தது. மேட்டில் கல்மழை விழுந்து அவர் விதையை மண்ணோடு வழித்துக்கொண்டு போயிற்று. தாழ்நிலத்தில் இப்போது ஒரு சாண் பயிர் நிற்கிறது. கெமுவேல் தினமும் ஒரு கூடை அத்திப்பழத்தோடு மேட்டுத் தெருவுக்குப் போகிறார். சித்தி பழத்தை வாங்கிக்கொண்டு, “ஆட்டுக்குப் போடுறேன்” என்கிறாள்.

சீடர்கள் இருவரும் அங்கே போய்விட்டார்கள், ஆட்டுப்பட்டி கூட்டுகிறார்கள். மத்தனியா “கர்த்தர் சொல்லுகிறது” என்று எடுத்தால், “அவரு சொல்லல, நீதான் சொல்ற, மம்புட்டியப் பிடி” என்கிறாளாம். அப்பாதான் கொஞ்சம் வாடிப்போயிருக்கிறார். காலையில் எழுந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, ஒன்றும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறார். நேற்று மழை வருமா, ஈரத்துணியை வெளியே போடலாமா என்று என்னைக் கேட்டார். இப்போது நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, உனக்கு ஆசீர்வாதம் எழுதச் சொல்லலாமா கூடாதா என்று யோசித்து, தடியை ஊன்றிக்கொண்டு மேட்டுத் தெரு வரைக்கும் போய்ச் சித்தியைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். “பெத்த பொண்ண ஆசீர்வதிக்கச் சால்வை எதுக்கு அத்தான்?” என்றாளாம் அவள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உன் பெயரைச் சொல்லி, கண்ணை மூடிக் கையை நீட்டியிருக்கிறார், வடக்கே, உங்கள் ஊர் இருக்கிற பக்கம். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். பேசாமல் கையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறார். அதனால் இந்த இடத்தில் வெறுமையாக இரண்டு வரி விட்டிருக்கிறேன், அது உன் அப்பாவுடையது.



வாற்கோதுமை அறுப்புக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா. வரும்போது சித்திக்கு நல்ல சவர்க்காரக் கட்டி இரண்டு கொண்டு வா, சால்வையைத் துவைத்தே தீர வேண்டும் என்கிறாள். உன் வாசலில் எண்ணெயும் உன் மடியில் பிள்ளைச் சத்தமும் குறையாதிருப்பதாக.

உன்னைப் பெற்றவள்,
எல்நாத்தான் வீட்டு மில்காள்.