ஊறுகாய்க் கடையின் கடைசிப் பக்கம்

மச்சான்,

உம்மாவைப் பார்க்க பெம்பான் போறேன். மக்ரிப் தொழுகைக்குள்ள வந்துடுவேன். மீன் கறி அடுப்புல இருக்கு, சூடு பண்ணிக்குங்க.

நம்ம ஊறுகாய்க் கடை வெப்சைட்ட நானே மாத்திட்டேன், கோவிச்சுக்காதீங்க. போஸ்டேஜ் எவ்வளவுன்னு இப்ப முதல் பக்கத்துலயே, பாட்டில் விலைக்குக் கீழயே தெரியும். கடல் தாண்டி சபா, சரவாக்குக்கு அனுப்பத் தனியா எவ்வளவுன்னும் போட்டுட்டேன். முதல்லயே சொன்னா ஆளு ஓடிடும்னு நேத்து சத்தம் போட்டீங்க. கூச்சிங்லேர்ந்து ஆர்டர் போட வந்த அக்கா ஓடுனது கடைசிப் பக்கத்துலதானே? காசு கட்டப் போற நேரத்துல பார்த்துட்டு, "இத முன்னாடியே சொன்னா என்ன லா"ன்னு எழுதுனாங்களே.

இனி ஆர்டரே வராதோன்னு எனக்கும் பயம்தான். இருந்தாலும் நான் வர்ற வரைக்கும் அதுல கை வைக்காதீங்க.

கூரியர்காரர் வந்தா மேசை மேல உள்ள பெட்டியக் குடுங்க. சாவி வாசல்ல செருப்பு, சப்பாத்து வைக்கிற அலமாரி மேல.

நஜ்வா

இன்னொண்ணு. நேருல கேக்க தைரியம் வரல. காலையில கிளினிக்லேர்ந்து ஃபோன் வந்துச்சு. டாக்டர் திரும்ப வரச் சொல்லியும் நீங்க போகலயாம். எங்கிட்ட "ஒண்ணுமில்ல"ன்னுதானே சொன்னீங்க?

எதுவா இருந்தாலும் தாங்கிக்குவேன் மச்சான். எனக்கும் கடைசிப் பக்கத்துலதான் காட்டுவீங்களா?