வாய்க்காலைத் தாண்டும்போது

அன்புள்ள அப்பாவுக்கு நான்சியின் தோத்திரம். முட்டிவலி தேவலையா? புனேயில் நான் சுகம். போனில் சொன்னால் பதறுவீர்கள் என்றுதான், ஊருக்கு வரும் தம்பி ஜெரினிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் கரும்பில் பூச்சி பார்த்துச் சுற்றும் மூன்று ரோபோ வண்டிகளையும் ஆபீஸ் திரையில் கவனிப்பதுதானே என் வேலை. குறுக்கே ஆள் வந்தால் ஒரு வண்டி நிற்கும். சேதி போய் மற்ற இரண்டும் நிற்கும். ஆள் கடந்ததும் கிளம்பிவிடும். ஆனால் தினமும் காலையில் நீங்கள் வாய்க்காலைத் தாண்டிய பிறகும் அவை கிளம்புவதில்லை. நீங்கள் திரும்பி, அம்மாவுக்கு நீட்டுவது போலக் கை நீட்டுகிறீர்கள். திரையில் வெறும் வரப்புதான். அதன் பிறகே வண்டிகள் நகர்கின்றன.

அன்றைக்குக் கேட்டதற்கு, "பழக்கம்மா, கை தானா போவுது. நான் ஒண்டியாதான் போய்க்கினு வரேன்" என்று சிரித்தீர்கள். அம்மாவை அடக்கம் செய்த பிறகுதான் வண்டிகளே வந்தன. அவற்றுக்கு அம்மாவைத் தெரியாது.

கேமராவில் தூசி என்கிறார் மேனேஜர். ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஜெரின் திரும்பும்போது கறிவேப்பிலைப் பொடி கொடுத்துவிடுங்கள், இங்கே சோறே இறங்கவில்லை.

நேற்று நீங்கள் கம்பு ஊன்றிப் போனதால் கை நீட்டவில்லை. பயப்படாதீர்கள், வேறொன்றுமில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. மூன்று வண்டியும் நேற்றிலிருந்து நின்ற இடத்திலேயே நிற்கின்றன. ஒரு நடை போய்க் கை கொடுத்துவிட்டு வாருங்கள் அப்பா.

உங்கள் நான்சி