பின்னட்டைக்கு எட்டு வரி

மாசி 4, செவ்வாய்
பனி. எட்டு மணி வரை எதிர்வீடு தெரியவில்லை. மூட்டு வலி.

கடைத்தெரு அச்சகத்து ராமலிங்கம் வந்தார். செல்வராசு எழுதிய நாவலுக்குப் பின்னட்டைக் குறிப்பு நான்தான் தர வேண்டுமாம். செல்வராசு என்னிடம் எட்டாவது படித்தவன். இப்போது ஒரத்தநாட்டில் குமாஸ்தா.

"எட்டு வரி போதும் டீச்சர். கடையில எடுத்துப் புரட்டுறவன் கீழ வைக்கக் கூடாது."

கதை: குத்தகைக்காரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சர்க்கார் சட்டம் போடுகிறது. உடனே ஒருவனிடம், 'நான் வெறும் கூலியாள்' என்று கைநாட்டு வாங்கிவிடுகிறார்கள். நன்றாக எழுதியிருக்கிறான். இரண்டு இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

மாசி 5, புதன்
எழுதினேன். நாற்பத்திரண்டு வரி. ராமலிங்கம் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"அவன் சாவுற வரைக்கும் நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் புத்தகத்த எவன் வாங்குவான்?"

பரீட்சைக்குச் சுருக்கம் எழுத வைத்தே பழகிய கை. ஜவுளிக்கடைக்காரர் ஒரு மடிப்பைப் பிரித்து முந்தானையைக் காட்டுவார். ஆறு கஜத்தையும் விரிக்க மாட்டார். பிள்ளைகளுக்கு இப்படித்தான் உதாரணம் சொல்லியிருப்பேன். எனக்குத்தான் வரவில்லை.

வாங்க: மண்ணெண்ணெய், தைலம், கார்டு 4.

மாசி 6, வியாழன்
எட்டு வரி வந்துவிட்டது. முடிவு இப்படி: 'இது வெறும் கதையல்ல. ஆசிரியரின் தந்தை கைநாட்டு வைத்த தாளிலிருந்து பிறந்த உண்மை.' செல்வராசு எப்போதோ கடிதத்தில் எழுதியது நினைவுக்கு வந்தது.

"இது! இது!" என்று குதித்தார் ராமலிங்கம். "உண்மைன்னு போட்டா பஸ் ஸ்டாண்டுல பறக்கும் டீச்சர்."

கொஞ்சம் கர்வம். இரண்டாவது காபி.

மாசி 9, ஞாயிறு
உளுந்துக் கொல்லையிலிருந்து நேரே வந்திருந்தார் கோவிந்தன், செல்வராசுவின் அப்பா. காலில் மண். நாற்காலியில் உட்கார வைக்கவே நேரமாயிற்று.

அச்சான அட்டைகளை ராமலிங்கம் கடை வாசலில் கொடி கட்டிக் காயப் போட்டாராம். யாரோ இவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"வர்ற வெள்ளிக்கெழம தாசில்தார் விசாரணைங்க டீச்சரம்மா. நான் குத்தகைக்காரனே இல்லன்னு மிராசு பத்திரம் காட்டுறாரு. அதுல நான் கைநாட்டு வைக்கலன்னு சொல்லியிருக்கேன்."

"வைக்கலையா?"

"வெத்துத் தாள்ல வச்சேங்க. வெதநெல்லுக்குன்னாங்க. மேல என்னத்த எழுதிக்கிட்டாங்களோ." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மிராசு அய்யா வூட்டுல புத்தகமெல்லாம் படிக்க மாட்டாங்க. அட்டையத் திருப்பிப் பாப்பாங்க. வக்கீலுக்கு அது போதுங்க."

உள்ளே எது இருந்தாலும் அது கதை. வெளியே 'உண்மை' என்று முத்திரை குத்தியது நான். மூன்று மா நிலம், முப்பது வருஷச் சாகுபடி. என் எட்டு வரியில் போய்விடும்.

வேறு என்ன எழுதலாம் என்று அவரிடமே கேட்டேன். மகன் கதையை வாசித்துக் காட்டியிருக்கிறானாம்.

"அந்த மடை எடத்தப் போடுங்களேன். மடை தொறக்கப் போனவன் பொழுது சாஞ்சும் வூடு திரும்பலன்னு. அதோட நிறுத்திப்புடுங்க. ஏன்னு கேக்காம எவன் போவான்?"

மாசி 10, திங்கள்
ராமலிங்கம் மறுபடி அட்டை அடிக்க முடியாது என்றார். சண்டை போடத் தெம்பில்லை. கடைசியில் ஏற்பாடு: மடை வரியை அச்சடித்த சீட்டை, எட்டு வரியும் மறையும்படி மேலே ஒட்டுவது. ஒட்டுவது நான்.

நேற்று மாலையே கோவிந்தன் ஒரத்தநாடு போய் மகனிடம் சொல்லியிருக்கிறார். செல்வராசு அவரிடம் கொடுத்தனுப்பிய கடிதம்: 'உண்மையை ஏன் மறைக்க வேண்டும் டீச்சர்?' பதில் போட்டேன்: 'முதலில் உன் அப்பா நிலத்தில் நிற்கட்டும்.' கோபித்துக்கொள்வான்.

மாசி 12, புதன்
நேற்றும் இன்றும் அச்சகத்தில், பைண்டு ஆகி வந்த புத்தகங்களில் ஒட்டல். மைதா பசை, எறும்பு. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது. கண்ணை மூடினாலும் மடை, பொழுது, வூடு. இன்னும் ஒரு கட்டு பாக்கி.

மாசி 13, வியாழன்
கடைசிக் கட்டில் இருந்தேன். மிராசு வீட்டுக் காரியஸ்தர் அச்சகத்துக்குள் வந்தார்.

"கோவிந்தன் மவன் பொஸ்தகம் போட்டிருக்கானாமே. எங்க, பாப்பம்."

எடுத்தவர் நேரே பின்பக்கம் திருப்பினார். சீட்டு இன்னும் ஈரம். ஓரத்தை நகத்தால் நிமிண்டினார். மூலை எழுந்தது. ராமலிங்கம் என்னைப் பார்த்தார். நான் பசைக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

படித்தார். நகம் நின்றது.

"ஏன் திரும்பல?"

"யாருங்க?"

"மடை தொறக்கப் போனவன்யா."

"அது உள்ள இருக்குங்க" என்றார் ராமலிங்கம்.

எழுந்த மூலையைக் கட்டைவிரலால் தானே அழுத்திவிட்டு, முதல் பக்கத்தைத் திறந்தார். நின்றபடியே நான்கு பக்கம். பிறகு கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகும் பசைக் கிண்ணத்தைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

நாளை விசாரணை.

மாசி 14, வெள்ளி
காலையிலிருந்து ஒன்றும் ஓடவில்லை. சோறு வடிக்கவில்லை. மூன்று மணிக்குக் கோவிந்தன் வேலியோரம் நின்று கூப்பிட்டார். உள்ளே வரவில்லை, மடை கட்டப் போக வேண்டுமாம்.

"பேர ஏத்திக்கிட்டாங்க டீச்சரம்மா. பொஸ்தகத்தப் பத்திப் பேச்சே வரல. காரியஸ்தரு கொண்டாரவே மறந்துட்டாராம். பாதியிலதான் இருக்காராம்."