வலி குறைந்துவிட்டதாகச் சொன்னவர்கள்

இன்று காலை ஒரு ஆய்வேடு கையெழுத்துக்கு வந்தது. ஜெராக்ஸ் மை வாசனை போகாத தாள்கள். எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவி, எழுமலைப் பெண். மூட்டுவலிக்காரர்கள் முப்பது பேருக்கு ஒரு வாரம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, முன்னும் பின்னும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதியிருக்கிறாள். முப்பது பேருக்கும் வலி குறைந்திருக்கிறது. நம்புவேனா நான்? காய்கறிக்காரரின் தராசை இரண்டு தரம் பார்க்கிறவள் என்று நீதானே என்னைக் கேலி செய்வாய்.

ஆதாரம் பார்த்துச் சிகிச்சை செய்வதைப் பற்றிய பாடத்தை நாம் இருவரும் சேர்ந்து எடுத்த முதல் வருடம் நினைவுக்கு வந்தது. உன் மாணவி ஒருத்தியும் இப்படித்தான் கொண்டுவந்தாள், முதுகுவலிக்கு. ஹாஸ்டலில் உட்கார்ந்து போட்ட எண்கள் என்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னும் சொல்லிவிட்டேன். தெரிந்தே நீயும் விட்டிருப்பாய் என்றுகூட நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனாலும் நீ கண்டுபிடித்துவிட்டாய். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வெள்ளை கோட்டைக் கழற்றச் சொல்லி, நோயாளியைப் பார்க்க வந்த சொந்தக்காரி மாதிரி என்னை வார்டுக்குள் அனுப்பினாய்.

ஆனையூரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் ஒருவர். தாளில் அவர் வலி எட்டிலிருந்து மூன்றாக இறங்கியிருந்தது. கட்டிலில் திரும்பிப் படுக்கவே பல்லைக் கடித்தார். ஒத்தடத்தில் குறையவில்லையா என்றேன்.

"எங்கம்மா கொறைஞ்சுச்சு? அந்தப் புள்ள தெனமும் வந்து அம்புட்டுப் பொறுமையா குடுக்குது. வலிக்குதுன்னா அது மொகம் வாடிப்போகும்ல. அதான் மூணுன்னு சொல்லிட்டேன்."

உன் மாணவி ஒரு எண்ணையும் மாற்றவில்லை. கேட்டதை அப்படியே எழுதியிருந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். வெட்கமாக இருந்தது. நீ அதோடு விடவில்லை.

"சந்தேகப்படு, வேணாங்கல. ஆள் மேல படாத, கேட்ட விதத்து மேல படு. ஒத்தடம் குடுத்தவளே போயிக் கேட்டா யாருடி வலிக்குதுன்னு சொல்லுவாங்க?"

அன்றிலிருந்து நம் கல்லூரியில் சிகிச்சை கொடுப்பவள் ஒருத்தி, வலியைக் கேட்பவள் வேறொருத்தி.

எழுமலைப் பெண்ணைக் கூப்பிட்டு, யார் கேட்டது என்றேன். கேட்க வேண்டிய தோழிக்குக் காய்ச்சல், அதனால் தானே கேட்டுவிட்டதாகச் சொன்னாள். வேறொருத்தியை வைத்துப் புதிதாக எடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். தேர்வு தள்ளிப்போகும் என்று கண் கலங்கிப் போனாள்.

அவளை அனுப்பிவிட்டேன், சரி. நான் செய்தது? உன் கடைசி இரண்டு மாதமும் கல்லூரி விட்டதும் நாகமலை புதுக்கோட்டைக்கு உன் வீடு தேடி வந்தேன். நானே ஒத்தடம் கொடுத்தேன், நானே கேட்டேன். "கொறைஞ்சிருக்குடி, நீ கெளம்பு, பஸ்ஸு போயிரும்" என்பாய். அதையே டாக்டரிடமும் போனில் சொன்னேன். அவர் வலி மருந்தைக் கூட்டவில்லை. நான் கிளம்பிய பிறகு நீ தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்ததை, காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் உன் கணவர் சொன்னார். ஊரையே சந்தேகப்படுகிறவள் அந்த இரண்டு மாதம் உன்னை ஒரு நாள்கூடச் சந்தேகப்படவில்லை. எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

இப்போதெல்லாம் வார்டில் யாராவது வலி குறைந்துவிட்டது என்றால், பக்கத்தில் நிற்கும் சொந்தக்காரர் முகத்துக்குத்தான் என் கண் போகிறது. உன் வீட்டில் உன் கணவர் தினமும் அறை வாசலிலேயே நின்றிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.